பால் கணக்கு நோட்டும் முக்கால் மணி நேரமும்

(ஏப்ரல் மாதம் நம் சமுதாயக் கூடத்தில் நடந்த கோடைச் சந்திப்பில் ஏ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழு உரையும் இங்கே தரப்படுகிறது.)



"கோடையைப் பயனுள்ள வகையில் கழிப்பது எப்படி என்று பதினைந்து நிமிஷம் பேசுங்களேன்" என்று நம் செயலாளர் கேட்டார். அப்படிச் சொல்லித் தருகிற தகுதி எனக்கு இல்லை. போன வருஷக் கோடை எங்கள் வீட்டில் எப்படிப் போயிற்று என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றேன். அவரும் சரி என்றுவிட்டார். வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். மைக் பழக்கம் கிடையாது. அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அதைப் பார்த்துப் படித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் குடியிருப்பில் கோடை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள காலண்டர் வேண்டாம். அறிவிப்புப் பலகையில் மோட்டார் போடும் நேரம் மாறும். கேட் பக்கத்தில் நுங்கு வண்டி நிற்கும். செக்யூரிட்டி அண்ணன் மண்பானைக்கு அடியில் மணலைக் கொட்டி நனைத்து வைப்பார். சி பிளாக் மாமி மொட்டை மாடிச் சாவியைக் கேட்டு காலை ஆறு மணிக்கே கீழே இறங்குவார். கூழ் வடாம் பிழிய வேண்டுமே! மே 4 வாக்கில் கத்திரி பிறந்தால் 28 வாக்கில் முடிகிற வரைக்கும் காக்காய்க்கும் மாமிக்கும் மாடியில் சண்டை.

மேல் மாடியில் இருக்கிற எங்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், ராத்திரி முழுக்க அதை எங்கள் தலையில் இறக்கும். பதினொரு மணிக்கு மின்விசிறி வெந்நீர் மாதிரி காற்றைத் தரும். கடல் காற்று மதியத்தில் சீக்கிரம் உள்ளே வந்துவிட்டால் அன்று பிழைத்தோம். மேல் காற்று அதைத் தள்ளிப் பிடித்துவிட்டால் அன்றைக்குத்தான் நூறைத் தாண்டி அடிக்கும். சென்னை வெயிலின் கணக்கு பாதி இதில்தான் இருக்கிறது. ஆக, வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. எல்லாருக்கும் எரிச்சல். அந்த எரிச்சலில்தான் பெரிய பெரிய குடும்ப முடிவுகளை எடுக்கிறோம். பள்ளி மாற்றுவது, வீடு மாறுவது, கல்யாணம் பேசுவது, ஊரில் இருக்கிற வயதானவர்களை என்ன செய்வது, எல்லாம் மே மாதத்தில்தான். லீவு அப்போதுதானே!

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் கோடை அது. வேலைக்குப் போன காலத்தில் ஒரு ஆசை வைத்திருந்தேன். ஓய்வு பெற்றதும் தினமும் கொஞ்சம் எழுத வேண்டும். கதை, நாவல் என்றெல்லாம் இல்லை. எங்கள் ஊர், எங்கள் தெரு, நான் பார்த்த மனுஷர்கள், அவ்வளவுதான். ஆனால் ஓய்வு பெற்றவளுக்கு நேரம் இருக்கிறது என்று நான் நினைத்ததைவிட மற்றவர்கள் அதிகமாக நினைத்தார்கள். "நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்ற ஒரு வாக்கியத்தில் கூரியர் வந்தது, காஸ் வந்தது, தண்ணீர் கேன் வந்தது, பக்கத்து வீட்டுச் சாவி வந்தது. லீவு விட்டதும் பேத்தியும் வந்தாள். ஒன்பது வயசு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "போர் அடிக்குது பாட்டி."

மதியம் மூன்று மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்தால், பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிடுவேன். ஏப்ரல் முழுக்க நான் எழுதியது பால் கணக்கு மட்டும்தான்.

அந்தப் பால் கணக்குதான் வழி காட்டியது. வங்கிப் புத்தி போகுமா? நோட்டில் கட்டம் போட்டு தேதி, பாக்கெட், தொகை, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். பால் வராத நாளில் 'வரவில்லை' என்று எழுதுவதற்கு. ஒரு நாள் அதில், 'பேத்தி இன்று தானாக மோர் கடைந்தாள்' என்று எழுதினேன். மறுநாள், 'எதிர்வீட்டுப் பெரியவர் லிஃப்டில் பேசவே இல்லை, மகன் ஊருக்குப் போய்விட்டான் போல' என்று எழுதினேன். கட்டம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. அங்கேயிருந்து ஆரம்பித்தது.

இதில் எனக்குத் தைரியம் கொடுத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்தவர். 1736இலிருந்து 1761இல் அவர் இறக்கிற வரைக்கும் எழுதிய நாட்குறிப்புகள் இன்று சரித்திர ஆதாரம். எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று வியாபாரக் கணக்கோடு கணக்காக எழுதியவர்தான். கணக்கு எழுதுகிற கைக்கும் எழுத வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, கட்டம் கிடைத்தது. நேரம்? இங்கே 2019ஐ ஞாபகப்படுத்த வேண்டும். ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நம் ஊருக்குத் தண்ணீர் வந்த வருஷம். நம் சம்ப்பில் லாரித் தண்ணீர் இறங்குகிற நாளை எல்லாரும் எதிர்பார்த்துக் கிடந்தோம். அப்போது எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். யார் எப்போது குளிப்பது, யாருக்கு எத்தனை பக்கெட், துணி எந்த நாளில். எங்கள் குடும்பச் சரித்திரத்தில் எல்லாரும் கீழ்ப்படிந்த ஒரே அட்டவணை அதுதான்! போன கோடையில் ஒரு நாள் எனக்கு அது ஞாபகம் வந்தது. தண்ணீருக்கு முறை வைத்த வீட்டில் என் நேரத்துக்கு ஏன் முறை வைக்கவில்லை? யோசித்தால் பதில் சுலபம். தண்ணீரை நாங்கள் எல்லாரும் கேட்டோம். நேரத்தை நான் யாரிடமும் கேட்கவே இல்லை. அவர்களாகப் புரிந்துகொண்டு தர வேண்டும் என்று முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன். "காலையில் அஞ்சேகாலிலிருந்து ஆறு வரைக்கும் நான் மாடியில் இருப்பேன். பால் எடுக்கிறது, டிகாக்‌ஷன் இறக்குகிறது, மோட்டார் பார்க்கிறது எதுவும் என் வேலை இல்லை." மேஜையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. என் மருமகள்தான் முதலில், "நான் பாலை எடுத்து வெச்சிடறேன் அத்தை" என்றாள். கணவர் மட்டும், "முக்கால் மணி நேரத்துல அப்படி என்ன எழுதப்போறே?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். மறுநாள் அவர் போட்ட காபி கஷாயமாக இருந்தது. பத்து நாளில் சரியாகிவிட்டது. இப்போது என்னுடையதைவிட அவர் காபி நன்றாக இருக்கிறது என்று வீட்டில் பேச்சு.

அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதுவாராம். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து 'தண்ணீர்' என்று நாவலே எழுதியவர். அவருக்குப் பூங்கா, எனக்கு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆறரை வரைக்கும் அங்கே நிழல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மா கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறாள். அப்போது எண்பத்தொரு வயசு. போன வருஷம் மாசி மாதம் விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது. கட்டுப்போட்டு, கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் எங்களுக்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அண்ணன் புனேயில், தங்கை கோயம்புத்தூரில், நான் இங்கே. வாரத்துக்கு இரண்டு தடவை மூவரும் வீடியோவில் பேசுவோம். அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார்: "நீதான் ரிட்டயர் ஆயிட்டியே. வைகாசிக்குள்ள அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்துடு. வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்." தங்கைக்கு, அம்மாவுக்கு ஃப்ளாட் ஒத்துவருமா என்று கவலை. என் மகன், "அந்த ரூமை நான் காலி பண்ணித் தரேன்மா" என்றான். எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் பேசினார்கள்.

தினமும் காலையில் மாடியில் உட்கார்ந்து இதைத்தான் எழுதினேன். அண்ணன் சொன்னது, தங்கை சொன்னது, டாக்டர் சொன்னது, வாடகை எவ்வளவு வரும், நம் வீட்டில் கட்டில் எங்கே போடுவது. ஒரு நாள், 'அம்மா வந்தால் என் முக்கால் மணி நேரம் போய்விடும்' என்று எழுதினேன். எழுதினதும் வெட்கமாகிவிட்டது. அடித்துவிட்டேன். மறுநாள் மறுபடி அதையே எழுதினேன். இந்த தடவை அடிக்கவில்லை. நிஜம் அதுதான். வாயால் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை நோட்டிடம் சொன்னேன். இங்கே உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், பரவாயில்லை.

கத்திரி பிறந்த ஒரு வாரத்தில், எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பதினோரு பக்கம். தணிக்கைக்கு வந்த அதிகாரி மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். யார் சொன்னது, என்ன சொன்னார்கள் என்று. அண்ணன் இருக்கிறார், தங்கை இருக்கிறாள், மகன், மருமகள், டாக்டர், ஊரில் எதிர்வீட்டுக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். அம்மா சொன்னது என்று ஒரு வரி இல்லை. பதினோரு பக்கத்திலும் இல்லை. அவளைப் பற்றியே எழுதியிருக்கிறேன், அவளிடம் கேட்டது எதுவும் இல்லை. "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று தினமும் கேட்டிருக்கிறோம். "உனக்கு என்ன வேணும்" என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு எரிச்சல் அண்ணன் மேல் வரவில்லை. என் மேல்தான் வந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று ஏப்ரல் முழுக்க முணுமுணுத்தவள் நான்தானே?

அந்த வாரமே நெல்லை எக்ஸ்பிரஸில் போனேன். திருநெல்வேலியில் இறங்கி, செங்கோட்டை போகிற வண்டியில் கல்லிடைக்குறிச்சி. அம்மா வாசலில் வடாம் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கையில் காக்காய் விரட்டக் குச்சி. நம் சி பிளாக் மாமியைப் பார்த்தது போலவே இருந்தது. இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் தாமிரபரணியில் குளித்துவிட்டு வரும்போது படித்துறையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"என்னட்ட இப்பத்தான் கேக்கிய" என்றாள் முதலில். அப்புறம், "பகல்ல எனக்கு என்ன கொற ஏட்டி? ஆறு இருக்கு, கோயில் இருக்கு, எதுத்த வீட்டுக்காரி நாலு தடவ எட்டிப் பாக்கா. ராத்திரிதான் பயம். எட்டு மணிக்குக் கதவப் போட்டா விடியிற வரைக்கும் முழிச்சுத்தான் கெடக்கேன். அன்னிக்கு விழுந்ததும் ராத்திரிதான். கொல்லைக்குப் போறதுக்கு எந்திரிச்சேன், இருட்டுல படி தெரியல" என்றாள்.

விழுந்தாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். எப்போது, எங்கே, எதற்காகப் போகும்போது என்று யாரும் கேட்டதில்லை. அடிபட்ட கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

"சரி, சென்னைக்கு வரியா?" என்றேன். "மார்கழி, தை ரெண்டு மாசம் வாறேன். வெயில் காலத்துல அங்க என்னத்துக்கு? ஒங்க வீட்டு மேல் தளம் அடுப்புல வெச்ச தோசக்கல்லுல்லா? ஆனி பொறந்தா இங்க சாரக்காத்து அடிக்கும், நீங்கதான் இங்க வரணும்" என்றாள்.

நாங்கள் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு அவள் ஒரு மண்டபத்துப் படியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டாள். கொல்லையில் இருந்த கழிவறையை விட்டுவிட்டு, ரேழியை ஒட்டி இருந்த சாமான் அறையைக் கழிவறையாக மாற்றினோம். வழியெல்லாம் விளக்கு, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை துணைக்குப் படுக்க ஒரு அம்மா. அவருடைய சம்பளத்தை நாங்கள் மூவரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. இந்த மாசியில் துணைக்கு இருந்த அம்மா மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார். பன்னிரண்டு நாள் நான் போய் இருந்தேன். எண்பத்திரண்டு வயசு ஆகிவிட்டது. இது என்றைக்கும் நிற்கிற ஏற்பாடு இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும். அடுத்த தீபாவளிக்கு மறுபடி பேசுவோம். இந்த தடவை அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசுவோம், அது மட்டும் மாறியிருக்கிறது.

சொன்ன சொல் தவறாமல் மார்கழியில் வந்தாள். நம் பூங்காவில் மூக்குக் கண்ணாடியோடு, பச்சை ஸ்வெட்டரில் ஒரு பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். அவளும் நாலரைக்கே எழுந்துவிடுகிறவள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால் பக்கத்தில் வந்து உட்காருவாள். "நீ எழுதுட்டி, நான் பேசல" என்பாள். பிறகு பேசிக்கொண்டே இருப்பாள். என் முக்கால் மணி நேரம் போய்விடும் என்று பயந்தேனே, நினைத்த மாதிரியே போய்விட்டது. ஆனால் எழுதுவது நிற்கவில்லை. அவள் சொல்வதையே எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் அப்பளத்துக்குப் பேர் போனது, கேள்விப்பட்டிருப்பீர்கள். உளுந்து மாவை இடித்து, உருட்டி, தேய்த்து, நிழலில் உலர்த்துகிற வேலை. வீட்டுக்கு வீடு பெண்கள் செய்வார்கள். அம்மாவும் செய்வாள் என்று எங்களுக்குத் தெரியும். பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு காலையில் சொல்கிறாள்: "ஒங்க அண்ணன் காலேஜுல சேந்தாமுல்லா, 1979ல. அந்த பீஸு அப்பளக் கூலியில கெட்டினது. ஒங்க அப்பாவுக்குக்கூட முழுசாத் தெரியாது. கடன் வாங்கினேன்னு சொன்னேன்."

அதை எழுதி முடித்து அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "எந்த வருஷம்னு சொன்னே?" என்றார். 1979 என்றேன். "ஆமாம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. மறு வாரம் புனேயிலிருந்து வந்துவிட்டார். மூன்று நாள் அம்மாவோடு இருந்துவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் நோட்டில் இல்லை.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுத ஆரம்பித்து அது ஆனந்த விகடனில் வந்தது 1940இல். அப்போது அவருக்கு எண்பத்தைந்தை ஒட்டிய வயசு. 1942இல் அவர் மறைந்தபோது அது முடியவில்லை, பாதியில் நிற்கிறது. அப்படி நின்றாலும் நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது! நம் வீட்டுப் பெரியவர்கள் எழுத மாட்டார்கள், சொல்வார்கள். எழுத வேண்டியது பக்கத்தில் இருக்கிறவர்கள்.

முடித்துக்கொள்கிறேன். இந்தக் கோடைக்கு நான் கேட்டுக்கொள்வது மூன்றுதான்.

ஒன்று, எழுத ஆசைப்படுகிறவர்கள் நேரத்தை வீட்டில் வாய்விட்டுக் கேளுங்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அந்த நேரத்தில் எந்த வேலை யாருடையது என்று சொல்லிக் கேளுங்கள். முதல் பத்து நாள் காபி கஷாயமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, லீவில் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒரு நோட்டுக் கொடுத்து அனுப்புங்கள். கட்டுரை வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு பதில், தேதி. என் பேத்தி போன வாரம் அவள் கொள்ளுப்பாட்டியிடம் போனில் கேட்டது, "நீ சின்ன வயசுல போர் அடிச்சா என்ன பண்ணுவே?" பதில் இரண்டு பக்கத்துக்கு வந்திருக்கிறது.

மூன்று, பெரியவர்களைப் பற்றி வீட்டில் ஏதாவது முடிவு செய்யப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். மே மாதம் முடிகிற வரைக்கும் மாடிச் சாவி காலை ஐந்து மணிக்கே கிடைக்கும்படி செய்ய வேண்டும். வடாம் போடுகிறவர்கள் கிழக்குப் பக்கம், எழுதுகிறவர்கள் தொட்டிக்கு மேற்கே. சண்டை வராது.

இந்த உரையை நேற்று போனில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "நான் சொன்னதுல பாதிய விட்டுட்டியே ஏட்டி" என்றாள். ஜூன் கடைசியில் போகிறேன், சாரலுக்கு. மீதியை வாங்கிக்கொண்டு வருகிறேன்.